கம்பைலருக்கு ஆள் தேடித் திண்டிவனம் போனேன்

பேருந்து என்னைத் திண்டிவனத்தில் இறக்கவில்லை. மேம்பாலத்துப் பக்கம், நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தி, "திண்டிவனம்லாம் எறங்கு" என்று நடத்துநர் குரல் கொடுக்க, நானும் இன்னும் நாலைந்து பேரும் பைகளோடு இறங்கினோம். ஊர் எங்கே என்று கேட்டேன். கூட இறங்கிய ஒரு அம்மா பாலத்துக்குக் கீழே கையைக் காட்டிவிட்டு நடந்தார். ஊருக்குள் போகிற வண்டியா என்று கேட்டு ஏறியிருக்க வேண்டுமாம். எங்கள் யாழ்ப்பாணத்தில் மினிபஸ்காரன் ஆயிரம் பேச்சுப் பேசினாலும் வீட்டு ஒழுங்கை வாசலில் இறக்கிவிட்டுத்தான் போவான். வெயில் மண்டையைப் பிளந்தது. வந்த கோபத்தில் அந்தப் பேருந்தின் நிறம்கூட இன்னும் நினைவில் இருக்கிறது.

சென்னையில் மாமா மகளின் கல்யாணத்துக்கு வந்தவள் நான். கல்யாணம் முடிந்து வீட்டுக்காரர் எல்லாரும் சேலைக் கடைக்கும் கோயிலுக்கும் கிளம்ப, நான் ஒரு சிநேகிதியைப் பார்க்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுத் தெற்கே வண்டி ஏறினேன். உண்மையில் நான் பார்க்க வந்தது ஒரு கிராஸ் கம்பைலரைப் பயன்படுத்தும் ஆளை. அதைச் சொன்னால் கல்யாண வீட்டில் என்னைக் கட்டிப்போட்டுச் சாமியாரிடம் காட்டியிருப்பார்கள்.

கிராஸ் கம்பைலர் பெரிய மந்திரமில்லை. ஒரு வீட்டு அடுப்பில் இன்னொரு வீட்டுக்குச் சமைப்பது போன்ற வேலை. பழைய இன்டர்நெட் மோடத்துக்குள் இருக்கும் சிப்புக்குத் தன் சமையலைத் தானே செய்கிற வலு கிடையாது. அதற்கு வேண்டிய நிரலை மேசைக் கணினியில் ஆக்கி, அந்தச் சிப்புக்குச் செரிக்கிற மாதிரி பக்குவப்படுத்தி அனுப்ப வேண்டும். அந்தப் பக்குவத்தைச் செய்கிற கருவிதான் அது. உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து காசு வாங்காமல் கட்டிக் கொடுக்கும் லினக்ஸ் வினியோகம் என்கிற ஓர் இயங்குதளத் தொகுப்பில், மோடச் சிப்புக்கான இந்தக் கருவியைப் பத்து வருடத்துக்கு மேலாக நான்தான் பராமரித்து வந்தேன். பகலில் தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பிப்பது வயிற்றுக்கு. இது என் பைத்தியத்துக்கு.

வினியோகத்துக்குள் இருப்பதில் ஒரு பலம் உண்டு. கீழே இருக்கிற நூறு பொதிகள், அதாவது மென்பொருள் மூட்டைகள், மாறும்போது இதுவும் அவற்றோடு சேர்ந்து கட்டப்படும், சோதிக்கப்படும், பிழை இருந்தால் நாலு பேர் கண்ணில் படும். வெளியே போட்டுவிட்டால் ஒருத்தி தனியாக இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஒரு வருடம் ஓடலாம். பிறகு மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.

அப்படி வெளியே போடத்தான் பேச்சு நடந்தது. அடுத்த வெளியீட்டில் இந்தப் பழைய சிப்பை இன்னும் சுமக்க வேண்டுமா, யார் பயன்படுத்துகிறார்கள் என்று நாங்கள் மின்னஞ்சலில் பேசிக்கொள்ளும் மடற்குழுவில் ஒருவர் கேட்டார். எங்களிடம் ஓர் எண்ணி இருக்கிறது. சம்மதித்தவர்களின் கணினியில் மட்டும் இருந்துகொண்டு, பெயரும் ஊரும் சொல்லாமல், இன்னின்ன பொதிகள் இங்கே பாவனையில் இருக்கின்றன என்று வாரத்துக்கு ஒருமுறை அறிவிக்கும். என் கம்பைலருக்கு நேரே அது ஒன்று என்று காட்டியது. பராமரிப்பவர்கள் தங்களையே எண்ணிக்கொள்வதில்லை என்பது எங்களுக்குள் ஒரு மரியாதை. ஆகவே அந்த ஒன்று நானில்லை. மாத முடிவுக்குள் வேறு ஆட்கள் இருப்பதைக் காட்டினால் வைத்துக்கொள்கிறோம், இல்லையென்றால் எடுத்துவிடுகிறோம் என்றார்கள். நியாயமான பேச்சு என்பதால் எரிச்சல் கூடியது.

சில வருடங்களுக்கு முன் ஒரு பிழையைச் சொல்லி ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். பெயர் ஏழுமலை, ஊர் திண்டிவனம். நான் திருத்தி அனுப்பினேன், நன்றி சொன்னார், அதோடு சரி. அந்த ஒன்று அவராகத்தான் இருக்க வேண்டும். அவரைப் பிடித்தால் இன்னும் நாலு பேரைத் தெரிந்திருக்கும் என்று நம்பி வந்தேன்.

கடை புதுச்சேரி சாலையில், கிளியனூருக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். ஷேர் ஆட்டோவில் என் மடியில் ஒருவருடைய காலிஃப்ளவர் மூட்டை, காலடியில் ஒரு சேவல். நான் வழி கேட்ட விதத்தைக் கேட்டுவிட்டு ஆட்டோக்காரர், கேரளாவா மேடம் என்றார். இல்லை, யாழ்ப்பாணம் என்றேன். நல்லாத் தமிழ் பேசுறீங்களே என்று பாராட்டினார். பிறந்ததில் இருந்து பேசுகிறேன் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஏழுமலைக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. முன்பக்கம் முழுவதும் செம்புக் கம்பியும் வார்னிஷ் வாசனையும். பின்பக்கச் சுவரில், தோல் உரித்த கோழிகள் தொங்குகிற மாதிரி, மூடி கழற்றிய பழைய மோடங்கள். பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் வாங்கி, அவற்றை மொபைல் ஸ்டார்ட்டராக மாற்றி விற்கிறார். மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாத ஊர்களில் இந்தப் பெட்டி மோட்டார் கொட்டாயில் காத்திருந்து, மின்சாரம் வந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டு விவசாயிக்குத் தகவல் சொல்லும். கிணற்றில் தண்ணீர் இறங்கினால் தானே நிறுத்திவிடும். பாம்புக்குப் பயந்து டார்ச்சோடு வரப்பில் நடக்க வேண்டியதில்லை. என் கம்பைலர் இப்படி ஒரு வேலைக்குப் போகிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. அந்தச் சுவரைப் பார்த்தபோது கண் கலங்கியது. வார்னிஷ் நெடி என்று சமாளித்தேன்.

"இந்த ஜில்லாவுல மொபைல் ஸ்டார்ட்டர்னா அது நாம்பதான் மேடம்" என்றார் ஏழுமலை. தன்னடக்கம் என்ற சாமான் அவர் கடையில் இல்லை. தன் மடிக்கணினியைத் திறந்து காட்டினார். நான் திருத்தி அனுப்பிய அதே பழைய பதிப்பு, அன்றிலிருந்து இன்றுவரை கைபடாமல் இருந்தது. இத்தனை வருடங்கள் நான் சனி ஞாயிறு பாராமல் செய்த எந்த வேலையும் அந்தக் கணினியின் வாசலைத் தாண்டவில்லை. ஏன் புதுப்பிக்கவில்லை என்று கேட்டேன்.

"அப்டேட் குடுத்தா எல்லாம் பூடும் மேடம். ஓடிக்கினு இருக்கறத எதுக்கு நோண்டணும்?"

கோபத்தை விழுங்கி, வேறு யாராவது இதைப் பயன்படுத்துகிறார்களா என்று கேட்டேன். செஞ்சி, மரக்காணம், வானூர், விக்கிரவாண்டி என்று விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே போனார். இருபது முப்பது கடை தேறும் போலிருந்தது. அவர்களெல்லாம் எங்கிருந்து இறக்கிக்கொண்டார்கள் என்றால், இறக்கவெல்லாம் இல்லை, விழுப்புரத்தில் டேவிட் என்று தன் பழைய கூட்டாளி இருக்கிறார், அவர் டிஸ்க் போட்டுக் கொடுப்பார் என்றார்.

மதியம் சாலையோரத்தில் கூழ் என்று எழுதியிருந்த வண்டியைப் பார்த்ததும் நாக்கு ஊறியது. எங்கள் ஊரில் கூழ் என்றால் நண்டும் றாலும் மீன் தலையும் போட்டு, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவில் காய்ச்சுவது, குடித்து முடிக்கும்போது வியர்த்து ஊற்றும். இங்கே சொம்பில் வந்தது புளித்த கேப்பைக் கூழ், நாங்கள் குரக்கன் என்கிற தானியம். கூடவே சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும். நண்டு எங்கே என்று கேட்காமல் விட்டது என் புத்திசாலித்தனம். வெயிலுக்கு அது நன்றாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

இரவு திண்டிவனத்தில் தங்கிவிட்டு மறுநாள் விழுப்புரத்துக்கு ஏறிய வண்டி விக்கிரவாண்டி தாண்டுமுன்னே டயர் வெடித்து நின்றது. எல்லாரும் இறங்கிப் புளியமர நிழலில் நின்றோம். ஒருவரும் சத்தம் போடவில்லை, திட்டவில்லை. பின்னால் வந்த வண்டியில் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தவர்களோடு நாங்களும் போய் நின்றோம். பக்கத்தில் ஒரு பெண் தொலைபேசியில், வந்துக்கினே இருக்கேன், வந்துக்கினே இருக்கேன் என்று யாருக்கோ விழுப்புரம் வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தப் பொறுமை எங்கள் சனத்துக்கு எந்தக் காலத்திலும் வாய்த்ததில்லை.

டேவிட்டின் கடை ஜங்ஷனுக்குப் போகும் வழியில் ஒரு மாடியில். ஏழுமலையைவிட இளையவர், வேகமான ஆள், கதைக்கும்போதே இரண்டு வேலை செய்கிறவர். மோடங்களைப் பொறுக்கி வாங்கித் தருவதும் இவர், கடைகளுக்குக் கணினி கொடுப்பதும் இவர். எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். நிறுவுவது, அமைப்பது எல்லாம் பேஜாரு மேடம் என்றார். ஏழுமலையின் கணினி ஒழுங்காக ஓடிய நாளில் அதன் டிஸ்க்கை அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறார். புதிதாக யார் கேட்டாலும் அதிலிருந்து இன்னொரு பிரதி. பின்புலப் படம்கூட மாறுவதில்லை. மாவட்டம் முழுக்க எல்லாக் கடைக் கணினியிலும் ஏழுமலையின் குலதெய்வம்தான் இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. எங்கள் எண்ணி ஒவ்வொரு கணினியிலும் முதன்முதலில் நிறுவப்படும்போது அதற்கென்று ஒரு தனி எண்ணை உருவாக்கிக்கொள்ளும். ஒரே கணினியை இரண்டு முறை எண்ணாமல் இருக்க அந்த ஏற்பாடு. டேவிட் எதையும் நிறுவவில்லை. அச்சு அசலாகப் பிரதி எடுத்ததில் அந்த எண்ணும் சேர்ந்து பிரதியாகிவிட்டது. கடையில் கிடந்த மூன்று கணினிகளைத் திறந்து பார்த்தேன். மூன்றிலும் ஒரே எண். செஞ்சியும் மரக்காணமும் வானூரும் வாரா வாரம் தவறாமல் அறிவித்துக்கொண்டுதான் இருந்தன, எல்லாரும் ஏழுமலையின் பெயரில். மடற்குழுவில் அந்த ஒன்றைப் பார்த்து எடுத்துவிடலாம் என்றவர்கள் ஒரு மாவட்டத்தையே எடுத்துவிடலாம் என்றிருக்கிறார்கள்.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். டேவிட் வாங்கித் தந்த பரோட்டாவை, எங்கள் ரொட்டி மாதிரி இல்லையே என்ற வழக்கமான முணுமுணுப்பு இல்லாமல் தின்றேன். தீர்வும் சின்னது. ஒவ்வொரு கணினியிலும் ஒரே ஒரு கட்டளை, அது பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை உருவாக்கிவிடும். அடுத்த வாரம் ஒன்று என்பது முப்பதாக எழுந்து நிற்கும். மாத முடிவுக்கு இன்னும் நாள் இருந்தது. டேவிட்டிடம் விளக்கினேன். அவருக்கு முழுவதும் விளங்கியதோ இல்லையோ, ஜல்தியா முடிச்சிரலாம் மேடம் என்றார்.

முடித்தார். நான் கட்டளையைத் தட்டிக் கொடுத்தேன், அவர் அதை வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டுக் கீழே தன் குரலில் ஒரு விளக்கமும் சேர்த்தார். வெளிநாட்டிலிருந்து ஒரு மேடம் வந்திருக்கிறார், நம்ம ஸ்டார்ட்டர் எத்தனை ஓடுகிறது என்று எண்ணப் போகிறார், இதைப் போட்டால் தானாகவே எண்ணிக்கொள்ளும், எல்லாரும் ஒத்துழைப்புக் கொடுங்கள். பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எண்ணப்போவது கடைக் கணினிகளை, ஸ்டார்ட்டரை இல்லை என்று திருத்த நினைத்தேன். கடைக்காரர்களுக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன். அந்தக் குழுவில் கடைக்காரர்கள் மட்டுமில்லை, பெட்டி வாங்கிய விவசாயிகள் அத்தனை பேரும் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. இரண்டு குழு வைத்துப் பராமரிக்க டேவிட்டுக்கு நேரமில்லையாம்.

அன்று விழுப்புரத்திலேயே அறை எடுத்துத் தங்கினேன். காலையில் இட்லிக்கு உட்கார்ந்திருந்தபோது ஏழுமலை பைக்கில் வந்து நின்றார். முகம் சரியில்லை. மண்டகப்பட்டில் நாலு கொட்டாயில் பெட்டியைப் பிடுங்கி வெளியே வைத்துவிட்டார்களாம், பக்கத்து ஊர்களிலும் பேச்சுக் கிளம்பிவிட்டதாம். விவசாய மோட்டாருக்கு இங்கே மின்சாரம் இலவசம். மீட்டர் வைக்கப் போகிறார்கள் என்ற பயம் அவ்வப்போது கிளம்பி அடங்குகிற ஒன்று. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்தான் மீட்டர் இருக்கிறது, எண்ணிக்கொண்டு போக வெளிநாட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது என்று டேவிட்டின் குரலே சாட்சியாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும் மேடம் என்றார். இட்லியைப் பாதியில் விட்டு ஏறினேன்.

மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்த பல்லவர் குகைக்கோயில் ஒன்று இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் கட்டினேன் என்று கட்டிய அரசனே கல்லில் வெட்டி வைத்திருப்பதாகப் பள்ளிப் புத்தகத்தில் படித்தவள் நான். வேறு நாளாக இருந்தால் அரை நாள் அங்கே உட்கார்ந்திருப்பேன். ஏழுமலை பைக்கின் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. செய்ததைக் கல்லில் எழுதி வைத்துவிட்டுப் போன அந்த மனிதன் மேல் எனக்கு அன்று பொறாமைதான் வந்தது.

மோட்டார் கொட்டாய்க்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கதைத்தது சரோஜா என்ற அம்மா மட்டும். அறுபது வயதிருக்கும், சொந்தக் கழனி, தோளில் துண்டு. பிடுங்கிய பெட்டி வரப்பில் மல்லாந்து கிடந்தது. நான் என்னால் முடிந்தவரை சொன்னேன். இந்தப் பெட்டிக்குள் எண்ணுகிற எதுவும் இல்லை. எண்ணுவது கடையில் இருக்கிற கணினியை, அதுவும் பெயர் ஊர் இல்லாமல், அதிலும் ஒரே ஒரு கருவியை. என் தமிழ் அவர்களுக்குப் பாதி விளங்கவில்லை. ஏழுமலை இடையிடையே தன் தமிழில் திருப்பிச் சொன்னார். சரோஜா அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"யாரும் சும்மா எண்ண மாட்டாங்கம்மா. எண்றவன் ஒண்ணு குடுக்க வருவான், இல்ல எடுக்க வருவான். நீ என்னாத்தக் குடுக்க வந்த?"

நான் குடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன், பத்து வருடமாக, உங்கள் பெட்டிக்குள் ஓடுவது என் கை பட்டதுதான் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லி என்ன. அவர் என்னிடம் ஒன்றும் கேட்டு வாங்கவில்லை. அதுமட்டுமில்லை. எங்கள் ஊரிலும் ராணுவத்தினர் எண்ண வந்திருக்கிறார்கள். வீட்டில் எத்தனை பேர், யார் யார், ராத் தங்குபவர் யார் என்று படிவத்தோடு வந்து, வாசலில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். சும்மா ஒரு கணக்குக்குத்தான் என்றுதான் அவர்களும் சொன்னார்கள். அம்மா எங்களை உள்ளே தள்ளிவிட்டு வாசலில் நின்ற விதம் எனக்கு மறக்காது. சரோஜா அம்மா அதே மாதிரி கொட்டாய் வாசலை மறித்துத்தான் நின்றார். இவ்வளவும் தெரிந்த நான், எண்ணுகிற ஆளாக இன்னொருத்தி வாசலில் போய் நின்றேன்.

ஏழுமலை என்னைத் தனியாக அழைத்துப்போய் மெதுவாகக் கதைத்தார். பெருமை பேசுகிற ஏழுமலை அங்கே இல்லை. கடன் வாங்கிப் போட்ட கடை, இரண்டு பிள்ளைகள், இந்தச் சீசனில் பெட்டிகள் திரும்பி வந்தால் மறுபடி எந்த ஊரிலும் கால் வைக்க முடியாது. பிறகு மடிக்கணினியை எடுத்துக் கொட்டாயின் சிமென்ட் கட்டையில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார்.

"அந்த எண்றத நீங்களே எடுத்துடுங்க மேடம், இவங்க கண்ணு முன்னால. நான் எடுத்தா நம்ப மாட்டாங்க."

இதில் எடுத்தால் எல்லாக் கடையிலும் எடுக்க வேண்டி வரும், என் கையில் இருந்த அந்த ஒன்றும் போய்விடும். அவருக்கு அது தெரியும், முந்தாநாள் கடையில் நானே சொல்லியிருந்தேன். தெரிந்தும் கேட்கிற அளவுக்கு அவர் முடை அவருக்கு. அவருடைய பிழைப்பையும் என் பத்து வருடத்தையும் எடை போட்டுப் பார்க்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. தட்டினேன். எண்ணி நீக்கப்பட்டது என்று திரையில் ஒரு வரி வந்தது. ஏழுமலை அதை உரக்கப் படித்துக் காட்டினார். டேவிட்டையும் அழைத்து, மூலப் பிரதியிலும் எல்லாக் கடைகளிலும் அதையே செய்யச் சொன்னார். டேவிட் இதையும் ஜல்தியாகவே முடித்தார். மத்தியானத்துக்குள் எல்லாக் கடைகளில் இருந்தும் எடுத்தாச்சு என்று பதில் வந்துவிட்டது. எண்ணிக்கையில் சேர்க்கச் சொன்னபோது ஒருவர்கூட இவ்வளவு வேகமாகப் பதில் போடவில்லை.

பெட்டி மறுபடி கொட்டாய்க்குள் போனது. அதன்பிறகு சரோஜா அம்மா என்னோடு நன்றாகத்தான் இருந்தார். அவித்த வேர்க்கடலையை, அங்கே அதற்கு மல்லாட்டை என்று பெயர், முறத்தில் கொண்டு வந்து வைத்து, உங்க ஊர்ல இதெல்லாம் வெளையுமா என்று கேட்டார். எங்கள் ஊரில் இதற்குக் கச்சான் என்று பெயர், கோயில் திருவிழா என்றால் கச்சான் கடை இல்லாமல் நடக்காது என்றேன். கச்சான், கச்சான் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துச் சிரித்தார். பைக்கில் ஏறும்போது மீதியை ஒரு பையில் கட்டிக் கொடுத்தார். இருந்த கோபத்தில்கூட வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

யாழ்ப்பாணம் திரும்பியதும் மடற்குழுவுக்கு எழுதினேன். பிரதி எடுத்த டிஸ்க், ஒரே எண், முப்பது கடை, மோட்டார் கொட்டாய், எல்லாவற்றையும் எழுதினேன். ஒருவர் அருமையான பயணக் கதை என்று பதில் போட்டார். இன்னொருவர், உங்கள் மேல் நம்பிக்கை இல்லை என்றில்லை, ஆனால் பராமரிப்பவரே கண்ணால் பார்த்தேன் என்று சொல்வதை ஆதாரமாக எடுத்தால் நாளைக்கு எல்லாரும் அப்படிச் சொல்வார்கள் என்று எழுதினார். அந்தக் கடைக்காரர்களில் ஒருவராவது எழுதட்டுமே என்றார்கள். ஏழுமலையைக் கேட்டேன். இங்கிலீஷ்ல எழுத வராது, அதோட இப்ப பேரு குடுத்தா மறுபடியும் கெளம்பிடும் மேடம் என்றார். நான் வற்புறுத்தவில்லை. அடுத்த வார அறிக்கையில் என் கம்பைலருக்கு நேரே பூச்சியம் என்று வந்தது. எடுத்துவிடும்படி கோரும் விண்ணப்பத்தைப் பராமரிப்பவர்தான் எழுத வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எழுதினேன். இத்தனை வருடச் சேவைக்கு நன்றி என்று ஒரு வரி வந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

புதிய வெளியீடு வந்து கொஞ்ச மாதங்கள் ஆனபின் ஏழுமலை அழைத்தார். குரலில் பழைய உற்சாகம். பழைய இரும்புக் கடைக்கு மலிவாக ஒரு லாரி மோடம் வந்திருக்கிறதாம், அத்தனையையும் எடுத்துவிட்டாராம். அதே சிப்தான், ஆனால் கொஞ்சம் பிந்திய வகை. பழைய டிஸ்க்கில் ஆக்கியது அதில் ஓட மாட்டேன் என்கிறது. அந்த வகைக்கான ஆதரவைப் போன வருடம் நான்தான் சேர்த்தேன். அது அவர் வாங்கிக்கொள்ளாத பதிப்புகளில் இருந்தது.

"இந்தத் தபா அப்டேட் பண்ணிடலாம்னு இருக்கேன் மேடம். புது வெர்ஷன்ல தேடிக்கினே இருக்கேன், நம்ம கம்பைலரக் காணமே."

எடுத்துவிட்டார்கள் என்றேன். இனி வராதா என்று கேட்டார். வராது என்றேன். யாரும் பயன்படுத்தவில்லை என்று எடுத்துவிட்டார்கள் என்றேன். பழைய மூலநிரலை எடுத்து ஒருமுறை கட்டித் தருகிறேன், அதற்குமேல் என்னால் இழுக்க முடியாது என்றும் சொன்னேன். மற்றப் பக்கத்தில் காயில் சுற்றுகிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார்.

"யாரும் இல்லன்னு எப்படி மேடம் எடுப்பாங்க? நாங்க இத்தினி பேர் இருக்கோமே. நீங்கதான் வந்து பாத்தீங்களே."

"ஓம், பார்த்தனான்" என்றேன். காயில் இயந்திரத்தைத் திரும்பப் போடச் சொல்லி அவர் யாருக்கோ குரல் கொடுத்தார். பிறகு, சரி மேடம் என்று வைத்துவிட்டார்.